பொன்னாடையும் பேப்பர் கப்பும்

(திருப்பூரில் ஜனவரி 1 அன்று நடந்த பீமா கோரேகான் நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்த தோழர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை.

மேடையில் அட்டையால் செய்த கோரேகான் தூண் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற மூன்று ஐயாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பொன்னாடையைக் கையில் எடுத்தாலே எனக்கு ஒரு பழைய நினைவு வந்துவிடும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பாரு, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, ராணுவத்தில் இருந்தவர். சீனப் போருக்கு அடுத்த ஆண்டு, 1963இல், ஆள் எடுத்தபோது சேர்ந்தார். பதினைந்து வருடம் கழித்து இரும்புப் பெட்டியோடு ஊருக்குத் திரும்பினார். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளியில் குடியரசு நாள் விழாவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஊரில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் நான்கு பேர். மூன்று பேர் ஊருக்குள் இருந்தவர்கள். அப்பாரு மட்டும் காலனி.

மெடலைத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டு போனார். நாலு பேருக்கும் ஒரே மாதிரி பொன்னாடை, ஒரே மாதிரி கைத்தட்டல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விழா முடிந்து டீ வந்தது. மூன்று பேருக்கு எவர்சில்வர் டம்ளர். அப்பாருக்கு மட்டும் பேப்பர் கப்.

யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. டீ கொடுத்தவர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். அப்பாரும் வாங்கிக் குடித்தார். திரும்பி நடக்கும்போது கேட்டேன்: "ஏனுங்க அப்பாரு, உங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பு?" கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் வந்தவர் சொன்னார்: "அங்க பனிக்குள்ள ஒரே மக்குல பத்துப் பேரு குடிச்சோம் கண்ணு."

அவ்வளவுதான். அந்தப் பொன்னாடையை அவர் ஒரு நாளும் எடுத்துப் போர்த்திப் பார்த்ததில்லை. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த எங்கள் அம்மா, அதைத் தையல் மெஷின் மேல் தூசி படாமல் போட்டு வைத்திருந்தார்.

இனி கோரேகானுக்கு வருவோம்.

1818 ஜனவரி 1. புனேவுக்குப் பக்கத்தில், பீமா ஆற்றங்கரையில் உள்ள கிராமம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சுமார் 800 பேர் கொண்ட படை பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையோடு பகல் முழுக்க மோதியது. கம்பெனிப் படையில் பம்பாய்க் காலாட்படை இருந்தது. நம்ம மதராஸ் பீரங்கிப் படையின் சிறு பிரிவும் இருந்தது. காலாட்படையில் கணிசமானவர்கள் மகர்கள். பிறகு கம்பெனி அங்கே ஒரு தூண் எழுப்பி, இறந்தவர்களில் 49 பேரின் பெயரைப் பொறித்தது. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அவர்கள் மகர்கள்.

"வெள்ளைக்காரன் வெற்றியை நீங்கள் ஏன் கொண்டாடுகிறீர்கள்?" என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். நாணயமான கேள்விதான், பதில் சொல்லுவோம். அந்தத் தூணைக் கம்பெனி தன் பெருமைக்காகத்தான் கட்டியது. அந்த மகர் வீரர்கள் சாதி ஒழிப்புக் கொடி பிடித்துப் போகவில்லை, சம்பளத்துக்குப் போனார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களும் ஒரே சாதிக்காரர்கள் இல்லை. அங்கே அரபுக் கூலிப்படையும் இருந்தது. இதை மறைத்துவிட்டு வீரகாவியம் பாட வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆண்ட பரம்பரைக் கதை நம்மிடமும் ஒன்று இருக்கட்டும் என்று யாராவது நினைத்தால், அந்த ஆசை நமக்கு வேண்டாம்.

பிறகு ஏன் இந்தத் தூண்? சாதிச் சமூகம் தன் கணக்கேட்டில் எழுதாத 22 பெயர்களை அது எழுதி வைத்திருக்கிறது. தெருவில் நடக்க உரிமை இல்லாதவன் ஒரு பேரரசுக்காக உயிரைக் கொடுத்தான் என்பதற்கு அது கல்லில் வெட்டிய ரசீது.

ரசீது கையில் இருந்தும் கடன் திரும்பவில்லை. மகர்களை வைத்துப் போரிட்ட அதே வெள்ளை அரசு 1892 வாக்கில் அவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாட்டைக் கொண்டுவந்து, சில சாதிகள்தான் சண்டை போடப் பிறந்தவை என்றது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்களையும் அந்தக் கோட்பாடு ஓரங்கட்டியது. இந்தியச் சாதியத்துக்கு வெள்ளைக்காரன் ஒட்டிய புது லேபிள் அது. இன்றுள்ள மகர் ரெஜிமென்ட் வர 1941 ஆனது, அதுவும் இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது.

அந்தக் கதவு மூடியது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிய வேண்டுமானால் அண்ணல் அம்பேத்கரின் வீட்டைப் பாருங்கள். அவர் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். ஊர்ப் பள்ளிக்கூடம் மூடிவைத்த எழுத்தை ராணுவப் பள்ளிக்கூடம் கொடுத்தது. ஒரு தலைமுறைக்கு எழுத்து கிடைத்தது. அடுத்த தலைமுறையில் அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர் வந்தார்.

1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் கோரேகான் தூணுக்கு முன்னால் வந்து நின்றார். இது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே ஆண்டு மார்ச் 20 அன்று மகாடில், சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் கூடவே இறங்கினார்கள். அந்தக் கொங்கண் பகுதியில் ராணுவப் பென்ஷன்காரர்கள் நிறைய இருந்தார்கள். அந்த மாநாட்டில் அண்ணல் பேசும்போது ராணுவ வேலையையும் அது பறிபோனதையும் குறிப்பிட்டார்.

தூணில் இருந்து குளத்துக்கு 78 நாள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். நினைவுச்சின்னத்துக்கு முன்னால் நின்றவர் அடுத்து தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போனார். நாம் மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். வீரரை மதிப்பது என்றால் அவர் போரில் என்ன செய்தார் என்று பேசுவதோடு நின்றுவிடக் கூடாது. திரும்பி வந்தபோது ஊர் அவருக்கு எதில் தண்ணீர் கொடுத்தது என்றும் கேட்க வேண்டும்.

நம்ம ஊருக்கும் நினைவுச்சின்னம் புதிது இல்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குமரன் நினைவகம் இருக்கிறது. 1932இல் கொடி பிடித்து ஊர்வலம் போய், அடிபட்டு இறந்த மில் தொழிலாளி அவர். கொஞ்சம் தள்ளி ஈரோட்டுப் பக்கம் போனால் தீரன் சின்னமலை. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட அவருக்கு ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கில் அரசு விழா நடக்கிறது. அவர் படையில் நின்ற அருந்ததியர் பொல்லானுக்கு மணிமண்டபம் வேண்டும் என்று நம் மக்கள் எத்தனை ஆண்டு மனு எழுதினார்கள் என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே படை, ஒரே எதிரி. நினைவு மட்டும் தனித்தனி வரிசையில் வருகிறது.

இன்னும் 25 நாளில் ஜனவரி 26. உங்கள் ஊர்ப் பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் முன்னாள் ராணுவத்தினரைக் கூப்பிடுவார்கள். மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். காலனியில் இருக்கும் பென்ஷன்காரர் பெயர் விட்டுப்போயிருந்தால் கேளுங்கள்.

இரண்டு, விழாவுக்குப் போங்கள். அவருக்கு நாற்காலி எங்கே, டீ எதில் என்று கவனியுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அங்கேயே, அப்போதே கேளுங்கள். அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. டீக்கடையில் எல்லோருக்கும் வைத்திருக்கும் டம்ளரைச் சாதி பார்த்து மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். எட்டாவது படித்த நான் கேட்டது வீட்டுக்குப் போகும் வழியில். நீங்கள் அந்த இடத்திலேயே கேட்கலாம்.

மூன்று, உங்கள் தெருவில் ராணுவத்துக்குப் போனவர்களின் கதையை எழுதி வையுங்கள். எந்த வருடம் போனார், எப்போது திரும்பினார், பட்டா கிடைத்ததா, இறந்தபோது சுடுகாட்டுக்குப் பாதை இருந்ததா, எல்லாவற்றையும். ஆராய்ச்சி என்று நான் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். அதற்கு முனைவர் பட்டம் எல்லாம் வேண்டாம். ஒரு நோட்டு போதும்.

எங்கள் அப்பாரின் கதையை நான் அவர் இருக்கும்போது எழுதி வைக்கவில்லை. எந்த மலையில் நின்றார், அந்த மக்கில் குடித்த பத்துப் பேர் யார் யார் என்று இப்போது கேட்க ஆள் இல்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் டீ இருக்கிறது. ஐயாக்கள் மூவரும் நம்மோடுதான் குடிக்கப் போகிறார்கள். நோட்டு வைத்திருப்பவர்கள் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

இப்போது பொன்னாடை. ஐயா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருங்கள், நான் வருகிறேன்.

ஜெய்பீம்.