அணைத்த பெட்டிக்குள் 325 வோல்ட்

(கோவை மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கிற ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் முன்பு அந்தப் பெட்டி நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. இயற்பியல் ஆசிரியர் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். பியூஸை மல்டிமீட்டரில் சோதித்தேன். அது நன்றாகவே இருந்தது. அருகில் நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "தொட்டுப் பார்க்கட்டுங்களா சார்?" என்று கேட்டான். பிளக் பிடுங்கியாயிற்று, விளக்கும் எரியவில்லை, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். "சரி" என்று சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது. பையன் வகுப்புக்கு ஓடிவிட்டான்.

அன்று மாலை பெட்டியைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பத்து விநாடி மின்சாரம் கொடுத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினார். பிறகு பெரிய மின்தேக்கியின் இரு கால்களிலும் மீட்டர் முனைகளை வைத்தார். முந்நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டீ வந்தது, குடித்தோம். மறுபடி வைத்தார். இன்னும் இருநூறுக்கு மேல்.

"ஏனுங்க சார், பிளக்கை நீங்க புடுங்கிட்டீங்க. இது நிறுத்திக்கிச்சுங்களா?" என்றார்.

அந்தப் பையனின் விரல் என் கண்முன் வந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

பழைய ஆம்ப்ளிபயரைத் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே குறைக்கும் கனமான மின்மாற்றி அதனுள் இருந்தது. இன்றைய பெட்டிகளில் இருப்பது எஸ்.எம்.பி.எஸ். அது 230 வோல்ட்டை முதலில் நேர்த்திசையாக்கி மின்தேக்கியில் சேமிக்கிறது. நாம் பாடத்தில் நடத்தும் ஆர்.எம்.எஸ். மதிப்பு 230 என்றால், பெரும மதிப்பு அதன் √2 மடங்கு. அதாவது ஏறத்தாழ 325 வோல்ட். சேமித்ததை ஒரு டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி விடுகிறது. அதிர்வெண் அவ்வளவு உயர்ந்ததால் உள்ளங்கையில் அடங்கும் மின்மாற்றியே போதுமானதாகிறது.

நல்ல நிலையில் உள்ள பெட்டியை அணைத்தால், சேமித்த மின்னூட்டத்தின் பெரும்பகுதியைச் சுற்றே பயன்படுத்தித் தீர்த்துவிடும். ஓடாத பெட்டியில் அதைச் செலவழிக்க ஆளில்லை. மின்னூட்டம் அங்கேயே நிற்கும். வேலை செய்யாத பெட்டிதானே என்று நாம் துணிந்து கை வைக்கிறோம். ஆனால் அதில்தான் ஆபத்து அதிகம்.

அவர் பழுது கண்டறிந்த முறையைச் சொல்கிறேன். முதலில் 2.2 கிலோ ஓம், 10 வாட் மின்தடையைக் காப்பிட்ட கம்பிகளால் மின்தேக்கிக்குக் குறுக்கே சில விநாடி வைத்து மின்னூட்டத்தை இறக்கினார். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தட்டவில்லை. தட்டினால் தீப்பொறி பறந்து பாகங்கள் கெடும். பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டதா என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே கை வைத்தார்.

அடுத்துக் கண்ணால் பார்த்தார். உப்பிய மின்தேக்கி, கருகிய மின்தடை எதுவும் இல்லை. பியூஸ் கண்ணாடி கறுத்துப் போயிருந்தால் உள்ளே பெரிய குறுக்குச்சுற்று என்று பொருளாம். டையோடுகளையும் டிரான்சிஸ்டரையும் பார்க்காமல் புது பியூஸ் போடக் கூடாது. தடித்த கம்பியைச் சுற்றவே கூடாது. பெட்டி 'டிக் டிக்' என்று துடித்தால், எஸ்.எம்.பி.எஸ். எழ முயன்று விழுகிறது. ஆம்ப்ளிபயர் பலகையைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் குற்றம் எந்தப் பக்கம் என்று தெரியும்.

எங்கள் பெட்டியில் பியூஸ் சரி, மின்தேக்கியில் 325 வோல்ட் வருகிறது, துடிப்பும் இல்லை. அப்படியானால் கட்டுப்படுத்தும் ஐ.சி.க்கு முதல் மின்சாரம் போகவில்லை. அதைக் கொடுக்கும் துவக்க மின்தடையை அளந்தார். அறுந்திருந்தது. எப்போதும் முந்நூறு வோல்ட்டைத் தாங்கி நிற்கும் பாகம் அது. விலை சில ரூபாய். மாற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுத்தார். பல்ப் ஒருமுறை மின்னி மங்கியது. மங்காமல் பளிச்சென்று எரிந்திருந்தால் குறுக்குச்சுற்று இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் நாம் பள்ளியில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெட்டியைத் திறக்கும் வேலை பழகியவர்களுக்கே. ஆனால் இதன் அறிவியல் நம் பிள்ளைகளுக்குத் தேவை. கொங்குப் பகுதியில் தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு 'கெபாசிட்டர் போயிருச்சு' என்பது புதிய சொல் அல்ல. போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் அதைப் பார்த்து வளர்கிறான். அப்பா ஊரில் இல்லாத நாளில் அவனே திறக்கவும் செய்கிறான்.

ஆகவே வகுப்பில் ஒரு சோதனை செய்யுங்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 25 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோபாரட் மின்தேக்கிகள் இரண்டு, ஒரு எல்.இ.டி., ஒரு கிலோ ஓம் மின்தடை, மல்டிமீட்டர். நேர்முனை, எதிர்முனை மாறாமல் இரண்டு மின்தேக்கிகளையும் மின்னேற்றுங்கள். ஒன்றில் மின்தடையோடு எல்.இ.டி.யை இணையுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். பேட்டரியை எடுத்ததும் எல்.இ.டி. சில விநாடி எரிந்து அணையும். "இப்போது எதில் மின்சாரம் இருக்கிறது?" என்று கேளுங்கள். விளக்கு எரிந்ததுதான் என்று பலர் சொல்வார்கள். பிறகு மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுங்கள். சும்மா இருந்த மின்தேக்கி ஏறத்தாழ 9 வோல்ட் காட்டும்.

அந்த மாணவனை முன்னால் அழைத்து இந்தச் சோதனையை அவனையே செய்ய வைத்தேன். மீட்டரைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அன்னைக்கு நான் தொட்டிருந்தா சார்?"

நடந்ததை மறைக்காமல் அவனிடம் சொன்னேன்.