தொட்டிக்கு முன் குழாய்க் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குடைவரைக் கூரையில், தாமரைக் குளத்தில் மீன்கள் நீந்தும் பழம்பெரும் ஓவியம் உண்டு. இன்று பலர் அந்த அழகை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் காண்கிறார்கள்.

தொட்டிக்கும் மீனுக்கும் பணம் ஒதுக்குபவர்கள் குழாய்ச் சாமான்களை மறந்துவிடுகிறார்கள். கீழே வடிகட்டித் தொட்டி வைத்தால் டேங்க் கனெக்டர், எல்போ, பால் வால்வு, யூனியன், பிவிசி குழாய் எல்லாம் வேண்டும். முதலில் படம் வரைந்து எண்ணிவிட்டால் கடைக்கு ஒரே நடை. வளைவுகள் குறைந்தால் செலவும் குறையும், பம்பும் திணறாது.

செம்பு, பித்தளைப் பாகங்கள் வேண்டாம். நீரில் கரையும் செம்பு இறால்களுக்கு நஞ்சு.

மின்தடையில் காற்று பம்புக் குழாய் வழியே நீர் வெளியேறாமல் தடுப்பது செக் வால்வு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். செக் வால்வு இல்லாவிட்டால் அந்த நீரில் பெரும்பகுதி தரைக்கு வந்துவிடலாம்.

அலங்காரக் கற்களை அடுத்த மாதம் வாங்கலாம். செக் வால்வை இன்றே பட்டியலில் எழுதுங்கள்.