மாதிரி நாடாளுமன்றத்தில் யாருக்கு நாற்காலி?

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். முதியோர் பென்ஷன் எடுக்க வரும் அம்மாக்கள் சலானை நீட்டி, "தம்பி, நீயே எழுதிக் குடுத்துடுப்பா" என்பார்கள். எழுதிக் கொடுப்பேன். கூட்டம் நடத்துகிற ஒழுங்கை நான் கற்றுக்கொண்டது கல்லூரியில் அல்ல, தொழிற்சங்கப் பொதுக்குழுவில். தீர்மானம், திருத்தம், ஒழுங்குப் பிரச்சனை, வாக்கெடுப்பு எல்லாம் அங்கே சண்டை போட்டுக் கற்றதுதான். அதனால்தான் சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியில், "மாதிரி நாடாளுமன்றம் நடத்துறோம், பசங்களுக்கு நடைமுறை சொல்லிக் குடுங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இங்கிலீஷ் தடங்கல் இல்லாமல் பேசும் ஒரு மாணவர் சபாநாயகர். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், நிதியமைச்சர் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் ஒரு பையன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். அவைக்காவலராம். சபாநாயகர் உள்ளே வரும்போது குரல் கொடுக்க வேண்டும், அமளி செய்கிறவரைத் தூக்கி வெளியே விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அவனுக்கு இருந்த வசனம் ஒரே வரி. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிறவன் என்று பிறகு தெரிந்தது. பொறுப்பாசிரியரிடம், "அவனுக்கு ஏன் சார் பேச இடம் இல்ல?" என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்: "நல்ல உயரம் சார், அந்த ரோலுக்குப் பொருத்தமா இருக்கான்."

பொருத்தம் என்ற இந்தச் சொல்லைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

அந்த நாற்காலிக்கு யார் பொருத்தம்? வரலாற்றைக் கேட்போம். ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இல் சென்னை மேயர். 1946 முதல் 1955 வரை சென்னை சட்டசபையின் சபாநாயகர். சேரியில் பிறந்த சமூகத்துக்காரர். தேசம் சுதந்திரம் அடைவதற்கு முன்பே இந்த ஊர் சட்டசபையில் தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவையை நடத்தினார். மக்களவையோ 1952இல் தொடங்கியது. அங்கே முதல் தலித் சபாநாயகராக ஜி.எம்.சி. பாலயோகி வந்தது 1998இல். நாற்பத்தாறு வருஷம். இந்த இரண்டு தகவலும் அந்த ஒத்திகைக் கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் சபாநாயகரின் அதிகாரங்கள் இருக்கின்றன. யார் உட்கார்ந்தார்கள், யார் உட்கார விடப்படவில்லை என்பது இல்லை.

மேலே இப்படி என்றால் கீழே? 1997 ஜூன் 30. மேலவளவு. தேர்தலில் வென்று ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவரோடு வந்த தோழர்களும் பட்டப்பகலில் பேருந்திலிருந்து இழுத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குற்றம் என்ன? ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இலிருந்து 2006 வரை தனி ஊராட்சித் தலைவர் பதவியை இயங்கவே விடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலுமாக நடந்த கூட்டத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆக, நாற்காலி என்பது இங்கே மரச்சாமான் இல்லை தோழர்களே. அதைச் சுற்றி ரத்தம் இருக்கிறது. மாதிரி நாடாளுமன்றத்தில் யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதும் விளையாட்டு இல்லை.

இந்த மாதிரி நாடாளுமன்றம் புதுசு ஒன்றும் இல்லை. மத்திய அரசின் நாடாளுமன்ற விவகாரத் துறை 1966-67இல் தில்லிப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம். 1997-98 முதல் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போட்டியாக நடக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் போட்டி என்று வந்ததும் என்ன ஆகிறது? மார்க் வாங்க வேண்டும். கேள்வியையும் ஆசிரியரே எழுதுகிறார், பதிலையும் ஆசிரியரே எழுதுகிறார். துணைக்கேள்விகூட மனப்பாடம். வெளியுறவுக் கொள்கை பற்றிக் கேட்கலாம், விண்வெளி பற்றிக் கேட்கலாம். விடுதிச் சோற்றில் புழு கிடந்ததைக் கேட்கக்கூடாது. "அது லோக்கல் மேட்டர்." அரசாங்கத்தைக் கேள்வி கேட்கத்தான் கேள்வி நேரம். கேட்கப்படுகிறவரே வினாத்தாளைத் தயார் செய்தால் அது ஜனநாயகப் பயிற்சியா, பணிவுப் பயிற்சியா?

இன்னொன்றும் கவனியுங்கள். நிஜ மக்களவையில், 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு, 543 இடங்களில் 84 பட்டியல் சாதியினருக்கு. மாதிரி அவையில் அதுவும் கிடையாது. "திறமை பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்" என்கிறார்கள். நிஜம் கொடுத்ததை மாதிரி பறித்துக்கொள்கிறது.

சரி, வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு தோழரின் அறையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்களுடைய அவையை நடத்தினோம். விதி மூன்றுதான். சபாநாயகரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது, கூட்டத்துக்கு ஒருவர். கேள்வி கேட்கிறவருடைய வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். அமைச்சராக இருப்பவர் ஆவணம் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கதவோரம் நின்ற அந்தப் பையனும் வந்தான். உதவித்தொகை எத்தனை மாதமாக வரவில்லை என்று அவன் கேட்டதற்குப் பதில் தேடி, 'அமைச்சர்' நிஜமாகவே அலுவலகத்துக்குப் போய் மனு எழுத வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் முழுக்க 1948 நவம்பர் 29ஆம் தேதியை எடுத்துக்கொண்டோம். தீண்டாமை ஒழிப்புப் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட நாள். இன்றைய 17ஆவது பிரிவு. 'தீண்டாமை' என்றால் என்ன என்று சட்டத்தில் விளக்கமே இல்லை என்பது அன்றைக்கே எழுந்த கேள்வி. மதம், சாதி காரணமாக என்று தெளிவாக எழுத வேண்டும் என நசிருத்தீன் அகமது திருத்தம் கொடுத்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. வி.ஐ. முனுசாமிப் பிள்ளை பேசினார். அந்தச் சபையிலிருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன் பேசினார். பிரிவு நிறைவேறியபோது அவையில் எழுந்த முழக்கம் காந்திக்கு ஜே. எங்கள் அறையில் அந்த இடத்தைப் படித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சட்டத்தை எழுதினவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார், ஜே மட்டும் வேற ஒருத்தருக்கா?" பாடத்திட்டத்தில் எந்தத் தாளிலும் வராத கேள்வி அது.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

இடஒதுக்கீடு பற்றி ஒரு விவாதம் வைத்தோம். எந்தத் தரப்பு என்பதையும் சீட்டுக் குலுக்கியே தீர்மானித்தேன். எதிராளியின் வாதத்தை உள்ளிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். கதவோரம் நின்ற பையனுக்கு வந்த சீட்டு, இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுவது. எழுந்து நின்றான். பேசவில்லை. "சும்மா நடிப்புதானேடா, பேசு" என்றான் பக்கத்திலிருந்தவன். அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, இதை நான் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இப்ப என் வாயாலயே சொல்லணுமா?"

நான் விடவில்லை. வக்கீல் உதாரணமெல்லாம் சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அவனுடைய விடுதிக்குப் போய், நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவனுக்குப் பயிற்சியாக இருப்பது இன்னொருவனுக்குக் காயம். சீட்டு எல்லோருக்கும் சமம்தான். சீட்டை எடுக்கிற கைகள் சமமான இடத்திலிருந்து வரவில்லையே. தொழிற்சங்கத்தில் இத்தனை வருஷம் இருந்தும் இது எனக்கு ஒரு மாணவன் சொல்லித்தான் உறைத்தது.

அதன்பிறகு விதியை மாற்றினோம். தன் இருப்பையே மறுக்கும் தரப்பைப் பேச மறுக்க யாருக்கும் உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. இடஒதுக்கீட்டை வழக்கமாகத் திட்டுகிறவர்தான் அதை ஆதரித்துப் பேச வேண்டும், அதுவும் ஆதாரத்தோடு. அப்படிப் பேச வந்த ஒரு மாணவர், "பத்து வருஷத்துக்குத்தானே குடுத்தாங்க" என்று எப்போதும் சொல்கிறவர். தேடிப் படித்துவிட்டு வந்து அவரே சொன்னார்: பத்து வருஷக் கெடு 334ஆவது பிரிவில் நாடாளுமன்ற, சட்டமன்ற இடங்களுக்கு மட்டும்தான் இருந்தது. அதைத்தான் ஒவ்வொரு பத்து வருஷமும் நீட்டி, இப்போது 2030 வரை வைத்திருக்கிறார்கள். கல்வி, வேலைக்கு அப்படிக் கெடுவே இல்லை. அவர் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பொய்யை மறுபடி அவர் வாயால் சொல்ல முடியாமல் போயிற்று. அது போதும்.

1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் எச்சரித்தது உங்களுக்குத் தெரியும். அரசியலில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. சமூகத்தில் அப்படி இல்லை. இந்த முரண்பாட்டோடுதான் குடியரசுக்குள் போகிறோம் என்றார். மாதிரி நாடாளுமன்றம் என்பது அந்த முரண்பாட்டை மறைக்கிற திரையாகவும் இருக்கலாம், அதை ஒரு அறைக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிற இடமாகவும் இருக்கலாம். எதுவாக இருக்கும் என்பது உங்கள் கையில்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் இது நடக்கும். நடக்கும்போது பிரதமர் யார் என்று பார்க்காதீர்கள். கதவோரம் நிற்பது யார் என்று பாருங்கள். அவனுக்கோ அவளுக்கோ ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்வியை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், ஒழுங்குப் பிரச்சனை எழுப்புங்கள்.

அந்தப் பையன் திரும்பி வந்தான். அடுத்த குலுக்கலில் சபாநாயகர் சீட்டு அவனுக்கு விழுந்தது. முதலில் அவன் பேச அழைத்தது என்னைத்தான். இரண்டு நிமிஷத்தில் மணியடித்து, "உறுப்பினர் உட்காரலாம்" என்றான்.

உட்கார்ந்தேன் தோழர்களே. இப்போதும் உட்காருகிறேன்.