விமானப் பராமரிப்பும் செயற்கை அறிவும்



இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதும் நமக்கு ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் வினவக்கூடும். இப்பொருளும் முடிவில் பதிவேட்டைப் பற்றியதே என்பதுதான் நம் தகுதி.

விமானம் பழுதான பின் செப்பனிடும் பொருளன்று. குறித்த மணி நேரம் பறந்ததும், குறித்த முறை ஏறி இறங்கியதும், குறை ஏதும் தென்படாவிடினும் சோதித்தாக வேண்டும். எந்த விமானம் எந்த இரவில் எந்த ஊரில் தங்கும், அங்கே கொட்டகை காலியா, உதிரிப் பாகம் வந்ததா, உரிமம் பெற்ற பொறியாளர் பணியில் உள்ளாரா என்று பொருத்திப் பார்ப்பது தலை சுற்றும் வேலை. ஒரு விமானம் தாமதித்தால் பட்டியல் முழுவதும் கலையும். செயற்கை அறிவு அதனை விரைவில் மீண்டும் வகுத்துத் தருகிறது. எஞ்சினின் வெப்பம், அதிர்வு ஆகியவற்றின் குறிப்புகளை ஆராய்ந்து, இன்ன பாகம் விரைவில் பழுதாகும் என்று முன்னறிவிக்கவும் செய்கிறது. ஏர்பஸ் நிறுவனம் 2017-இல் தொடங்கிய ஸ்கைவைஸ் இத்தகையதே.

ஆயினும், 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறக்கையில் அதன் முன்பகுதிக் கூரை பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் காற்றில் வீசப்பட்டு மாண்டார். மற்றவர்களை விமானிகள் உயிரோடு தரையிறக்கினர். என்னே அவர்தம் துணிவு! தீவுக்குத் தீவு தாவும் அவ்விமானம் பறந்த மணிகளோ சுமார் 35,500. ஏறி இறங்கியதோ 89,680 முறை. ஒவ்வொரு முறையும் உள்ளழுத்தத்தால் உடல் விம்மித் தளர்ந்து, தகடுகளில் விரிசல் கண்டது. சோதனைகளையோ மணிக்கணக்கில் வகுத்திருந்தார்கள்.

இக்கணக்கை இன்றைய கருவி நொடியில் எடுத்துக் காட்டியிருக்கும், ஐயமில்லை. ஆனால் அன்று விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் விரிசலைக் கண்டிருந்தார். எவரிடமும் கூறவில்லை. கூறாதது ஏட்டில் ஏறாது; ஏட்டில் ஏறாததைக் கருவி அறியாது. நள்ளிரவில் கண் சோர்ந்தவர் பாராமலே ‘பார்த்தாயிற்று’ என்று குறியிட்டாலும் கருவி அதை மெய்யென்றே கொள்ளும். பொய்க்குறி என்ன செய்யும் என்பதைப் பதிவேட்டோடு பழகிய நாம் நன்கறிவோம்.

நம் நாட்டில் பராமரிப்பு முடிந்ததும் உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்டாலன்றி விமானம் பறத்தலாகாது. அக்கையொப்பத்தைக் கருவி இடுவதில்லை. நம் காலனிப் பிள்ளைகளுள் இத்துறை பயில்வோர் இங்கிருப்பின், மேடையேறி நம் பிழைகளைத் திருத்துவார்களாக.