ஒரே ஒரு சவுண்ட்பார், ஹால் முழுக்க ஒலி
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலேயே தியேட்டர் மாதிரி படம் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று 5.1 செட் வாங்கினால் ஹால் முழுக்க ஒயர் ஓடும். நம் வீடுகளில் சோபாவை ஒட்டியே சுவர் இருப்பதால் பின்பக்க ஸ்பீக்கருக்கு இடமும் இருக்காது. அதனால்தான் டிவிக்குக் கீழே அடக்கமாக உட்காரும் ஒற்றை சவுண்ட்பாரைத் தேடுகிறோம். முன்னால் இருக்கும் ஒரு பெட்டி எப்படி நம்மைச் சுற்றி ஒலிக்கும்? அது புரிந்துவிட்டால், எதை வாங்குவது, எங்கே வைப்பது என்பதும் புரிந்துவிடும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, நம் காதை நம்ப வைப்பது. இடது பக்கம் ஒரு பைக் ஹாரன் அடித்தால், அந்த ஒலி வலது காதுக்குச் சற்றுத் தாமதமாக வரும். ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதம்தான். நடுவில் தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் வரும். மேலேயா, கீழேயா, முன்னாலா, பின்னாலா என்பதைக் காது மடலின் மடிப்புகள் காட்டிக்கொடுக்கும். சவுண்ட்பாருக்குள் இருக்கும் சிப் இந்த வித்தியாசங்களைக் கணக்குப் போட்டு ஒலியில் சேர்த்துவிடுகிறது. அட்டைப்பெட்டியில் ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ என்று போட்டிருப்பது இதைத்தான். நேர் நடுவில் உட்கார்பவருக்கு நன்றாகக் கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்கு அந்த அளவுக்குக் கிடைக்காது.

இரண்டாவது வழி, சுவரைப் பயன்படுத்துவது. கேரம் போர்டில் காயை நேராக அடிக்க முடியாதபோது ஸ்ட்ரைக்கரை ஓரக்கட்டையில் மோதவிட்டுத் திருப்புவோம் இல்லையா? அதே கதைதான். சில ஸ்பீக்கர்கள் பக்கச் சுவரைப் பார்த்து ஒலியை அனுப்பும். டால்பி அட்மாஸ் வகையில் சில மாடல்களில் கூரையைப் பார்த்த ஸ்பீக்கர்களும் இருக்கும். ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் நம்மிடம் வரும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் ஹாலைப் பாருங்கள். இரு பக்கமும் வெறும் சுவர் இருக்கிறதா? நம் வீடுகளில் ஒரு பக்கம் டைனிங் பகுதி திறந்திருக்கும், அல்லது பால்கனிக் கதவும் கனமான திரையும் இருக்கும். அந்தப் பக்கம் போன ஒலி திரும்பி வராது. கூரை தட்டையாகவும் கடினமாகவும் இருந்தால்தான் மேலே பார்த்த ஸ்பீக்கருக்கு வேலை. ஹாலில் இந்த வசதி இல்லையென்றால், அட்மாஸுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, பேச்சு தெளிவாகக் கேட்கும் சாதாரண மாடலே லாபம்.

வாங்கிய பிறகு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ப்ளூடூத்தில் இணைத்தால் பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலிதான் கிடைக்கும். டிவியில் ‘ஏ.ஆர்.சி.’ அல்லது ‘இ-ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில் இணையுங்கள். ஆப்டிகல் கேபிளில் 5.1 வரும், அட்மாஸ் வராது. டிவியின் ஒலி செட்டிங்கில் ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் ‘பாஸ் த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றிப் பாருங்கள். சவுண்ட்பாரை ஷோகேஸ் தட்டுக்குள் தள்ளி வைக்காமல், முன் விளிம்பை ஒட்டி, மேலும் பக்கமும் திறந்திருக்கும்படி வையுங்கள். அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை நம்ப வேண்டாம். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்தக் கருவி நம் சுவரையும் கூரையையும் தனக்குத் துணையாக வைத்துக்கொள்கிறது. ஆனால் அடுக்குமாடியில் நம் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். நம் தரை கீழ் வீட்டுக்குக் கூரை. வசனம் நம் வீட்டோடு நின்றுவிடும். சப்வூஃபரின் ‘தும் தும்’ கான்கிரீட் வழியாக இறங்கும். நமக்கு அது சண்டைக் காட்சி, கீழே படுத்திருக்கும் குழந்தைக்கும் பெரியவருக்கும் அது தலைக்கு மேல் இடி.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆனால் விதிப் புத்தகத்தைக் காட்டிப் பேசும் நிலைக்கு நாம் போகவே வேண்டாம். சப்வூஃபரை மூலையில் வைத்தால் அதிர்வு கூடும், அதைத் தள்ளி வையுங்கள். அடியில் தடிமனான ரப்பர் மேட் போடுங்கள். இரவில் பேஸைக் குறைத்து ‘நைட் மோட்’ போடுங்கள். வெடிச்சத்தம் அடங்கி, மெல்லிய பேச்சு மேலே வரும். வீட்டுப் பெரியவர்களுக்கு வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறோம். ‘டயலாக்’ அல்லது ‘வாய்ஸ்’ பட்டனை அழுத்தினாலே பல நேரம் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புது சவுண்ட்பார் வந்ததும் வழக்கமான வால்யூமில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லி அவர்கள் ஹாலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு வைக்கலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த எண்ணை ரிமோட்டின் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அதுவே கணக்கு.