அலிகேட்ஸ் இசைக்குழு: ஏற்றமும் இறக்கமும்



சில வாரங்களுக்கு முன் கிள்ளானுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். "ஐயா, என் மகன் கூட்டாளிகளோடு சேர்ந்து பாட்டுக் குழு வைக்கப் போகிறானாம். கித்தார் வாங்கக் காசு கேட்கிறான். இந்தத் தொழில் சோறு போடுமா?" என்று கேட்டார். நின்ற இடத்தில் எனக்கு விடை சொல்ல வரவில்லை. அதனால்தான் இன்று நம் நாட்டு இசைக்குழு ஒன்றின் வரலாற்றைச் சொல்ல வந்தேன்.

பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்று இரண்டு தமிழ்ச் சகோதரர்கள். 1960களின் இறுதியில் 'ஃபிளைபெய்ட்ஸ்' என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய குழுவே பின்னர் 'அலிகேட்ஸ்' ஆயிற்று. சந்துபொந்துகளில் திரியும் பூனைகள் என்று பொருள். தலையில் கூடை கவிழ்த்தாற்போல் சுருட்டை முடி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எத்தனை தாத்தாமார்கள் முகம் சுளித்தார்களோ!

1970களில் இவர்கள் ஹாங்காங்கிற்குப் போய் இரவு விடுதிகளில் பாடினார்கள். பாடியதெல்லாம் பிறருடைய ஆங்கிலப் பாட்டுகள். அது தினக்கூலி வேலை போலத்தான். வந்தவர் ரசிப்பார், போவார். பாடியவர் யார் என்று கேட்க மாட்டார். ஆனால், கையும் குரலும் பழகியது அங்கேதான்.

ரப்பர் மரத்தை நட்டு, பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருப்போம் அல்லவா? இவர்கள் ஏறத்தாழ பத்தாண்டு காத்திருந்தார்கள். 1979இல் 'தெரிமா காசே' என்ற மலாய் இசைத்தட்டு வெளிவந்தது. தமிழ்ப் பிள்ளைகள் மலாய் மொழியில் பாடி, நாட்டின் எல்லா இன மக்களின் வீட்டிற்குள்ளும் நுழைந்தார்கள். காலமும் கூடி வந்தது. 1978 இறுதியில்தான் நம் தொலைக்காட்சி வண்ணத்திற்கு மாறியிருந்தது. எம். நாசிர் போன்றவர்கள் நல்ல மெட்டுகள் தந்தார்கள். 'சென்யும்லா கோலாலம்பூர்', அதாவது 'புன்னகை செய் கோலாலம்பூரே' என்ற அவர்கள் பாட்டை நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போகும் பஸ்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இனி இறக்கத்திற்கு வருவோம். பசார் மாலாமில் திருட்டு ஒலிநாடாக்கள் குவிந்த காலம் அது. ஒன்று விற்றால் பாடியவருக்கு ஒரு காசும் போகாது. 1987இல் காப்புரிமைச் சட்டம் வந்தது. திருட்டு உடனே நின்றுவிடவில்லை. இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டு ஊரெல்லாம் ஒலித்தால், அதை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமைத்தொகை சேரும். பிறர் மெட்டைப் பாடுபவருக்கு மேடைக் கூலிதான் பெரிய வருமானம். ஆகவே புதிய பாட்டு ஓடாத ஆண்டுகளிலும் விருந்து, விழா, கல்யாணம் என்று மேடை ஏறினால்தான் அடுப்பெரியும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, சம்பளம் இல்லை, இவர்களுக்கும் அப்படியே. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, நாட்டில் மேடையை நம்பியிருந்த எல்லா இசைக் கலைஞர்களுக்கும் மாதக்கணக்கில் மழை.

அதற்கு முன்பே அலிகேட்ஸுக்குப் பேரிடி விழுந்திருந்தது. அவர்களுடைய பாட்டு ஒன்றின் பெயர் 'அண்டைன்யா அக்கு பெர்கி டுலு'. 'ஒருவேளை நான் முன்னே போய்விட்டால்' என்று பொருள். முன்னே போனவர் தம்பி. 2007 ஜூன் 4ஆம் தேதி லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். இத்தனை ஆண்டு பக்கத்தில் நின்று பாடியவன் இல்லாத மேடையில் அண்ணன் எப்படித்தான் ஏறினாரோ! ஆனாலும் ஏறினார். டத்தோ டேவிட் ஆறுமுகம் தொடர்ந்து பாடினார், குழுவும் கலையவில்லை.

அந்த அம்மாவுக்கு இப்போது சொல்கிறேன். கித்தார் வாங்கிக் கொடுங்கள். புதியது வேண்டாம், பழையதே போதும். மாலையில் வாசிக்கட்டும். கையில் ஒரு தொழில் வரும்வரை படிப்பை மட்டும் நிறுத்த விடாதீர்கள். சொந்தமாக மெட்டுப் போடுகிறானா என்றும் கேட்டுப் பாருங்கள். அடுத்த திருவிழாவிற்கு வரும்போது அவன் வாசிப்பைக் கேட்கிறேன்.