ராயபுரத்துக்கு ஒரு டிக்கெட்

இந்த வாரம் வெளியூர் எதுவும் போகல. சென்னைக்குள்ளேயே ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். வேலைக்காக சென்னை வந்து 4 வருஷம் ஆச்சு. ரூம் பெருங்குடி, ஆபீஸ் ஓ.எம்.ஆர். இந்த 4 வருஷத்துல பாண்டிச்சேரிக்கு 11 தடவை போயிருக்கேன். சென்ட்ரலுக்கு வடக்கே ஒரு தடவைகூடப் போனதில்ல.

இதை எண்ணிப் பார்க்க வெச்சது என் ஆபீஸ் தோழி. ரெண்டு வருஷமா பக்கத்து சீட். வீடு எங்கன்னு யார் கேட்டாலும் "பாரீஸ் பக்கம்"னு சொல்லுவா. ஒருநாள் லஞ்ச்ல ஏதோ ஒரு ரவுடி படத்தைப் பத்திப் பேச்சு வந்துச்சு. "அந்தப் பக்கம்லாம் போனா முழுசா திரும்பி வர முடியுமா?"ன்னு கேட்டது நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அவ டிபன் பாக்ஸை மூடிட்டு, "நான் டெய்லி அங்கேர்ந்துதான் வரேன். முழுசாத்தானே இருக்கேன்?"னா.

அவ வீடு ராயபுரம். முதல் வேலைக்குப் போன இன்டர்வியூல, அட்ரஸைப் பார்த்துட்டு ஒருத்தர் ஏதோ கேட்டிருக்கார். அதுக்கப்புறம்தான் பாரீஸ்னு சொல்ல ஆரம்பிச்சாளாம். என்ன கேட்டார்னு அவ சொல்லல. நானும் கேட்கல.

மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாசம் கழிச்சு, உங்க ஏரியாவைச் சுத்திக் காட்டுறியான்னு கேட்டேன். "எங்க ஏரியா என்ன, வண்டலூரா?"ன்னா. அப்புறம் ஒத்துக்கிட்டா, ஒரே ஒரு கண்டிஷன்: சோக மியூசிக் போட்டு ரீல்ஸ் போடக் கூடாது. அதனாலதான் இந்த எபிசோடுக்கு வீடியோ கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் பெருங்குடில ரயில் ஏறி, பீச் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினேன். அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். ஒரே ஸ்டேஷன்தாங்க. நாலு வருஷமா நான் தாண்டாத தூரம் அவ்ளோதான்.

இறங்கினதும் தண்டவாளத்தை ஒட்டி, பெரிய பெரிய தூண்களோட ஒரு பழைய கட்டடம் இருக்கும். தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ல இங்கேர்ந்துதான் கிளம்புச்சு, வாலாஜா ரோடு வரைக்கும். நாம எல்லாரும் பெட்டியோட வந்து இறங்குற சென்ட்ரல் எல்லாம் அப்புறம், 1873ல வந்தது. சென்ட்ரலுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்காதவங்க யாரு? இங்க என்னோட இறங்கினது ஏழெட்டு பேர், யாரும் அந்தக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

ராயபுரம்ங்கிற பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவதான் சொன்னா. பீட்டரைத் தமிழ்ல ராயப்பர்னு சொல்லுவாங்க. இங்க இருக்கிற ராயப்பர் கோயில், படகோட்டிகள் கட்டினது. அப்போ மெட்ராஸ்ல துறைமுகமே கிடையாது. கப்பல் எல்லாம் தூரத்துல கடல்லயே நிக்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகுக்காரங்க. ஆணியே அடிக்காம, பலகைகளைக் கயித்தால தெச்ச படகு. விறைப்பா இருந்தா அலை அடிச்சு உடைச்சிடும், தெச்சிருந்தா வளைஞ்சு குடுக்கும்.

அப்படியே நடந்தா, மேற்கு மாட சர்ச் தெருவுல ஒரு பார்சி அக்னிக் கோயில், 1910ல கட்டினது. பார்சிகள் மட்டும்தான் உள்ள போகலாம், நாங்க கேட் வரைக்கும்தான். ராபின்சன் பார்க்கையும் பார்த்தேன். 1949 செப்டம்பர்ல, கொட்டுற மழையில, தி.மு.க. தொடக்க விழாக் கூட்டம் நடந்த இடம். ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்வியா படிச்சது.

ராத்திரி அவ வீட்டுலயே தங்கினேன். விடியக்காலை 4 மணிக்கு எழுப்பி காசிமேடு கூட்டிட்டுப் போனா. லைட் வெளிச்சத்துல கூடை கூடையா மீன்: சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, கடம்பா. ஏலம் விடுறவர் சொல்ற நம்பர் எனக்குக் காதுலயே நிக்கல, அதுக்குள்ள கூடை கை மாறிடுச்சு. ஏலம் எடுக்கிறதுல நிறைய பேர் பெண்கள். எடுத்து, ஐஸ் போட்டு, விடியறதுக்குள்ள அவங்கவங்க தெருவுக்குக் கிளம்பிடுறாங்க. நான் வழியில நின்னு வேடிக்கை பார்த்துட்டிருந்தேன். ஒரு அக்கா, "இன்னாம்மா, மீன் வாங்க வந்தியா, எண்ண வந்தியா? தள்ளு"ன்னாங்க. தள்ளி நின்னு, ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். ரேட் அதிகம்னு தோழி இன்னமும் திட்டுறா.

விடிஞ்சதும் கடலைப் பார்க்கலாம்னேன். கூட்டிட்டுப் போனா. பீச் இல்ல. ரோடு, அதுக்கப்புறம் பாறாங்கல், அதுக்கப்புறம் கடல்.

அந்தக் கல்லு மேல உட்கார்ந்துதான் எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொன்னா. இந்தக் கரையோரமா கடல் மணலைத் தெற்கேர்ந்து வடக்கே தள்ளிக்கிட்டே இருக்கும். 1870கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சதும், அந்தச் சுவர் மணலைத் தடுத்துடுச்சு. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அவ்ளோ அகலமாச்சு. வடக்கே மணல் வராம கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. இந்தக் கல்லெல்லாம் மிச்சத்தைக் காப்பாத்தக் கொட்டினது. "எங்க தாத்தா படகை ஏத்தி நிறுத்தின மணலு எங்கன்னு அவரே காட்டுவாரு, அதோ அங்கன்னு"ன்னு தண்ணிக்குள்ள கையைக் காட்டினா.

மெரினால உட்கார்ந்து நான் எத்தனை மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டிருப்பேன்! அந்த மணல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒருநாள்கூட யோசிச்சதில்ல. கோயம்புத்தூர்க்காரிக்குத் தெரியலன்னா பரவாயில்ல, என்னோட மெரினாவுக்கு வந்த சென்னைப் பசங்களுக்கும் தெரியாது.

அவங்க அம்மா சங்கராவைக் குழம்பு வெச்சாங்க. ரெண்டு தடவை சோறு வாங்கினேன். கிளம்பும்போது, "பயமா இருந்துச்சாம்மா?"ன்னு சாதாரணமாக் கேட்டாங்க. லஞ்ச்ல நான் கேட்ட கேள்வி அவங்க வரைக்கும் போயிருக்கு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம, குழம்பு சூப்பர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நீங்க போறதா இருந்தா காசிமேட்டுக்கு விடியறதுக்கு முன்னாடி போங்க, வழியில நிக்காதீங்க. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் விசைப்படகுக்குத் தடை, அப்போ மீன் கம்மியாத்தான் இருக்கும். திரும்பும்போது பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடுங்க, பர்மாலேர்ந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ்.

திங்கட்கிழமை ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், வீடு எங்கன்னு அவகிட்ட கேட்டான். "பாரீஸ் பக்கம்"னா. நான் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் பேசலாம்.